வாடாமல்லியும் திராட்சைக் கொடியும்: காய்ந்த பூ வளையம் கட்டிய அனுபவம்

காய்ந்த பூக்களில் வளையம் கட்டலாம் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் ரோஜாவைத்தான் எடுக்கிறார்கள். ரோஜா அழகு, சந்தேகமில்லை. ஆனால் அதன் இதழ் முழுக்கத் தண்ணீர். அந்தத் தண்ணீர் வெளியேறும்போது இதழ் சுருங்கும், சிவப்பு நிறம் கருப்பாகும். அதைக் காப்பாற்ற சிலிக்கா ஜெல் வேண்டும், காற்றுப் புகாத டப்பா வேண்டும், பொறுமையும் வேண்டும். மல்லிகையும் சம்பங்கியும் இன்னும் மோசம், பழுப்பாகிச் சருகாகிவிடும். செடியில் நிற்கும்போதே பாதி காய்ந்த மாதிரி இருக்கும் பூக்களைத் தேர்ந்தெடுத்துவிட்டால் இந்தப் போராட்டமே தேவையில்லை. அப்படிப்பட்ட பூக்கள் நம் ஊரில் நிறைய இருக்கின்றன. தேனி மாவட்டத்தில் கிடைப்பதை மட்டும் வைத்து ஒரு வளையம் கட்டினேன். கூடத்துச் சுவரில் தொங்குகிறது.

வாடாமல்லியைக் கையில் எடுத்து உற்றுப் பாருங்கள். பூ என்று நாம் சொல்லும் அந்த உருண்டை, அடுக்கடுக்கான செதில்களால் ஆனது. இதழ்கள் அதில் கிடையாது. உண்மையான பூக்கள் அந்தச் செதில்களுக்கு இடையில் வெளிர் மஞ்சளாக ஊசிமுனை அளவில் எட்டிப் பார்க்கும். செதிலில் ஈரம் மிகக் குறைவு. அதனால்தான் விரலால் தேய்த்தால் பறித்த அன்றே சரசரவென்று சத்தம் வருகிறது. காய்ந்த பிறகும் வடிவம் மாறுவதில்லை, அந்த ஊதாச் சிவப்பும் நிற்கிறது. மத்திய அமெரிக்கப் பக்கத்துச் செடி இது என்பதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு வியப்பாக இருந்தது. நம் மாலைகளில் அவ்வளவு ஊறிப்போன பூ.

காகிதப்பூவிலும் இதே கதைதான், நிறமாகத் தெரிவது இலை மாதிரியான செதில். ஆனால் அது மிக மெல்லியது. காய்ந்ததும் தொட்டால் நொறுங்கும், நிறமும் சீக்கிரம் வெளிறும். அதனால் அதை எடுக்கவில்லை.

இந்த ஊர்ச் சரக்கை வைத்து உலகத்துக்கே அனுப்பும் தொழில் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இந்தியாவிலிருந்து காய்ந்த பூ ஏற்றுமதி ஆவதில் தூத்துக்குடிக்குப் பெரிய பங்கு உண்டு. மழை குறைவான வறண்ட ஊர், கையருகே துறைமுகம், நுணுக்கமான கைவேலைக்கு ஆட்கள். இந்த மூன்றும் ஒரே இடத்தில் அமைந்தது அதற்குக் காரணம். அங்கே காய், நெற்று, மட்டை, தண்டு எதையும் விடுவதில்லை. வெளுத்து, சாயமேற்றி, பெட்டி பெட்டியாக ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்புகிறார்கள். கருவேலங்காட்டு ஓரத்தில் நாம் மிதித்துவிட்டுப் போகிற நெற்று ஒன்று எங்கோ குளிர்நாட்டு வீட்டுக் கதவில் தொங்குகிறது என்று நினைத்தால் மனசுக்கு நிறைவாகத்தான் இருக்கிறது. நான் சாயப் பக்கம் போகவில்லை. செடி தந்த நிறத்திலேயே கட்ட வேண்டும் என்பது என் விருப்பம்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் வளையத்தின் சட்டம். கடையில் கம்பி வளையம், தெர்மாகோல் வளையம் எல்லாம் கிடைக்கின்றன. எனக்கு இங்கே கிடைத்தது அதைவிட நல்லது: திராட்சைக் கொடி. கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைத் தோட்டம் நிறைய. 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்தத் திராட்சைதான். இங்கே தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து, அதாவது பழைய கொடியை வெட்டிவிடும் வேலை, நடக்கும் காலம் மாறும். அதனால்தான் வருஷம் முழுக்கப் பழம் வருகிறது, வெட்டிப்போட்ட கொடியும் எப்போதும் எங்காவது கிடக்கிறது. சுருளிப்பட்டிப் பக்கம் பந்தல் போட்டிருக்கும் சித்தப்பாவிடம் கேட்டேன். "எரிக்கத்தாம்மா போறோம், எவ்வளவு வேணுமோ அள்ளிக்கோ" என்றார்.

பென்சில் கனத்தில், பழுப்பேறிய கொடியாகப் பார்த்து எடுத்தேன். பச்சையாக இருப்பது காய்ந்தால் சுருங்கித் தொய்ந்துவிடும். ரொம்பத் தடித்தது வளையும்போது பிளந்துவிடும். பற்றுக்கம்பிகளை வெட்டாமல் விட வேண்டும், அந்தச் சுருள்கள்தான் வளையத்துக்கு உயிர். ஒரு விஷயம் முக்கியம். தோட்டத்துக் கொடியில் நீலமும் வெள்ளையுமாகப் பூச்சு படிந்திருக்கும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை அது. 1880-களில் பிரான்சின் போர்டோ பகுதித் திராட்சைத் தோட்டங்களில் பிறந்த பூஞ்சாண மருந்து, இன்றுவரை இங்கே தெளிக்கிறார்கள். கையுறை போட்டுக்கொண்டு, தேங்காய் நார் வைத்துத் தேய்த்து, இரண்டு மூன்று தண்ணீரில் கழுவிய பிறகே வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் இதில் சோம்பல் கூடாது.

வெட்டிய அன்றே வளைத்தால் கொடி சொன்னபடி கேட்கும். காய்ந்துபோயிருந்தால் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட வேண்டும். ஒரு அடி அகலக் குண்டானைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் முதல் கொடியைச் சுற்றி, நுனியை உள்ளே செருகினேன். அடுத்த கொடியை அதே திசையில், முதல் கொடியை மேலும் கீழுமாகப் பின்னிச் சுற்ற வேண்டும். ஐந்தாறு கொடி சுற்றினால் கட்டை விரல் கனத்துக்கு வளையம் வந்துவிடும். நான்கு இடத்தில் சணலால் கட்டினேன். குண்டானிலிருந்து எடுத்ததும் கொடி விரியப் பார்க்கும். ஆகவே நினைத்த அளவைவிட இரண்டு அங்குலம் சிறிதாகச் சுற்றுவது நல்லது. பிறகு நிழலில் போட்டு, மேலே ஒரு பலகையும் அதன் மேல் ஒரு கல்லும் வைத்துவிட்டால் கோணாமல் காயும்.

சீந்தில் கொடியில் செய்யலாமே என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். கொடி நன்றாக வளையும். ஆனால் அதை வெட்டித் தொங்கவிட்டாலும் அது சாகாது. சுவரில் மாட்டிய பிறகு துளிர் விடும், விழுதும் இறக்கும். அதன் குணம் அது. சட்டத்துக்குச் செத்த கொடிதான் வேண்டும்.

அடுத்தது பூ. இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. நம் பூச்சந்தையில் வாடாமல்லி காம்போடு வராது. மாலைக்குத்தான் போகிறது என்பதால் தலையை மட்டும் கிள்ளி, கூடையில் குவித்து, எடை போட்டு விற்கிறார்கள். வளையத்துக்குக் குறைந்தது ஒரு சாண் காம்பு வேண்டும். இதற்கு இரண்டு வழி. ஒன்று, தோட்டக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துக் காம்போடு அறுத்து வாங்குவது. செடியை அடியோடு அழிக்கப்போகும் கடைசிப் பறிப்பில் கேட்டால் அவர்களுக்கும் நஷ்டமில்லை. நான் அப்படித்தான் வாங்கினேன். உருண்டை முழுதாக நிறமேறியிருக்க வேண்டும். அடிச்செதில் உதிரத் தொடங்கியிருந்தால் அது வேண்டாம், காய்ந்த பின் மொத்தமாகக் கொட்டிவிடும்.

இரண்டாவது வழி, உதிரிப் பூவையே வாங்கிக் கம்பி கோப்பது. பூ பச்சையாக இருக்கும்போதே மெல்லிய இரும்புக் கம்பியை அடியிலிருந்து மேலே குத்தி, நுனியைச் சின்னக் கொக்கியாக மடக்கி, கீழே இழுத்துவிட வேண்டும். பூ காயும்போது சுருங்கிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்ளும். கம்பியில் ஏறும் லேசான துருவும் பிடிப்புக்கு உதவும், அதனால் செம்புக் கம்பியைவிட சாதாரண இரும்புக் கம்பியே இதற்கு மேல். காய்ந்த பிறகு குத்தினால் பூ சிதறும். காம்பு ஒடிந்துபோன பூக்களுக்கெல்லாம் இந்த வைத்தியம்தான் செய்தேன்.

உலர்த்துவதில் நான் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன்: வெயில் கூடாது. வற்றலும் வடகமும் போட்டுப் பழகிய நமக்கு மொட்டை மாடிதான் நினைவுக்கு வரும். வெயிலில் பூ சீக்கிரம் காயும், கூடவே நிறமும் போய்விடும். தேவை இருட்டு, காற்றோட்டம், ஈரமில்லாத இடம். இலைகளை உருவிவிட்டு, எட்டுப் பத்துக் காம்புகளைச் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு, தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். நூலால் கட்டக் கூடாது. காம்பு காய்ந்து மெலியும்போது நூல் தளர்ந்து பூ நழுவி விழும், ரப்பர் பேண்ட் கூடவே சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். தலைகீழாகத் தொங்கினால்தான் காம்பு நேராக விறைக்கும். எங்கள் வீட்டில் மச்சு அறை இதற்குத் தோதாக இருந்தது. ஜன்னலைச் சாத்தி, ஒரு மேசை விசிறியைச் சுவரைப் பார்த்துத் திருப்பி ஓடவிட்டேன். வாடாமல்லிக்கு ஒன்றிரண்டு வாரம் போதும். காம்பை வளைத்தால் படக்கென்று ஒடிய வேண்டும், அதுவே பதம்.

இருட்டும் வறட்சியும் சேர்ந்தால் பூ எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு எகிப்தில் ஒரு சாட்சி இருக்கிறது. 1922-ல் ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்த தூத்தன்காமன் கல்லறையில், அரசனின் சவப்பெட்டி நெற்றியில் ஆலிவ் இலையும் கார்ன்ஃப்ளவர் என்ற நீலப் பூவும் சேர்த்துக் கட்டிய சின்ன வளையம் ஒன்று இருந்தது. 3,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் பூவில் நிறத்தின் சாயல் மிச்சமிருந்ததாம். யாரோ ஒருவர் கையால் கட்டியது அது, அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பூக்கட்டும் வேலை மேல் மரியாதை கூடுகிறது.

காலமும் பார்க்க வேண்டும். கம்பம் பக்கம் ஆனி, ஆடியில் சாரல், ஐப்பசி, கார்த்திகையில் மழை. அந்த மாதங்களில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் பூ காய்வதற்குள் பூஞ்சை பிடிக்கும். மாசி, பங்குனிதான் இந்த வேலைக்கு ஏற்ற காலம்.

கோழிக்கொண்டைக்குத் தனிக் கவனம் தேவை. வெல்வெட் மாதிரியான அந்தச் சிவப்பு வேறெந்தப் பூவிலும் கிடைக்காது, ஆனால் கொண்டையின் மடிப்புகளுக்குள் ஈரம் ஒளிந்திருக்கும். வெளியே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் அடிப்பகுதியைக் கிள்ளிப் பார்க்க வேண்டும். மெத்தென்றோ சில்லென்றோ இருந்தால் இன்னும் தொங்கட்டும். வாடாமல்லியைவிட இரண்டு மடங்கு நாள் எடுத்துக்கொள்ளும். பெரிய கொண்டையாக இருந்தால் காம்போடு சேர்த்து நான்காகக் கிழித்துத் தொங்கவிடலாம், சீக்கிரமும் காயும், கொத்து கட்டவும் வசதி. கீழே செய்தித்தாள் விரித்துவைத்தால் கருப்புக் கடுகு மாதிரி விதை உதிரும். அதைப் பத்திரப்படுத்துங்கள், அடுத்த பட்டத்துக்கு ஆகும். வளையத்தில் ஏற்றுவதற்கு முன் கொண்டையை நன்றாகத் தட்டி விதையை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் எறும்பு வரிசை கட்டும்.

வெள்ளைக்குப் பூளைப்பூ. பொங்கல் சமயத்தில் ஆவாரம்பூவோடும் வேப்பிலையோடும் காப்புக் கட்டுகிறோமே, அதே பூதான். கூரையில் செருகியது மாதக்கணக்கில் அப்படியே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பக்குவம் எதுவும் தேவையில்லை, பறித்து நிழலில் போட்டால் போதும். சாலையோரத்தில் தானாக முளைத்துக் கிடக்கிறது. கதிருக்குக் கம்பு, காயாத பால்பருவம் தாண்டி முற்றுவதற்குச் சற்று முன்னால் அறுத்தது. முழுதாக முற்றினால் தொடும்போதெல்லாம் மணி உதிரும். தாமரைக் காய் இரண்டு, குளத்தில் பூப்பறிப்பவரிடம் சொல்லி வாங்கியது. ஓட்டை ஓட்டையான அந்தத் தட்டு காய்ந்ததும் மரம் போல் ஆகிவிடுகிறது. ஆவாரை நெற்று கொஞ்சம்.

எல்லாவற்றையும் தரையில் பரப்பி வைத்தபோதுதான் அத்தை வந்து பார்த்தார். "வட்டமா வெள்ளப் பூவும் பச்சையும் வச்சுக் கட்டுனா வேற எதுக்கோ கொண்டுபோற மாதிரி இருக்கும்டி, பார்த்துச் செய்" என்றார். அவர் சொன்னது சரிதான். நம் கண்ணுக்கு வட்டமான பூ வளையம் என்றால் துக்க வீடுதான் முதலில் தோன்றும். வளையம் கட்டுகிற எவரும் நம் ஊரில் இதை யோசிக்காமல் இருக்க முடியாது. அதற்காக வட்டத்தையே விட்டுவிடத் தேவையில்லை, அமைப்பை மாற்றினால் போதும். முழுச் சுற்றுக்கும் பூ வைக்காமல், கீழ்ப் பாதியில் மட்டும் பிறை வடிவத்தில் பூ ஏற்றி, மேல் பாதியைக் கொடி தெரிகிற மாதிரி வெறுமையாக விட்டேன். ஊதாவும் சிவப்பும் முன்னால் வந்தன. பூளைப்பூவை இடையில் பொட்டுப் பொட்டாக மட்டும் செருகினேன். பச்சை இலை ஒன்றும் சேர்க்கவில்லை. வாசல் நிலையில் வழக்கம்போல மாவிலைத் தோரணம் இருக்கட்டும், வளையம் கூடத்துச் சுவருக்கு என்று முடிவானது. அத்தைக்கும் திருப்தி.

புதுக் கதிரைக் கொத்தாகக் கட்டி வீட்டு முகப்பில் தொங்கவிடும் வழக்கமும் நமக்குப் புதிதில்லை. கன்னியாகுமரிப் பக்கக் கோயில்களில் நிறைபுத்தரிசி பூஜை முடிந்து கொடுக்கும் நெற்கதிரை நிலைக்கு மேலே கட்டிவைப்பார்கள். மறு வருஷம் வரை அது அங்கேயே காய்ந்து தொங்கும். கம்புக் கதிரைச் சேர்க்கும் யோசனை எனக்கு அதிலிருந்துதான் வந்தது.

கட்டும் விதத்தை நான் கற்றது கோயில் வாசலில் பூக்கட்டும் அக்காவிடம். சூடான பசைத் துப்பாக்கியால் ஒட்டுவதுதான் இப்போது பலரும் செய்வது. சீக்கிரம் முடியும், உண்மை. ஆனால் சித்திரை வெயிலில் சூடேறும் சுவரில் அந்தப் பசை இளகும், பழுதான ஒரு பூவை எடுக்கப் போனால் பக்கத்தில் இருப்பதும் பிய்ந்து வரும். அக்கா வாழைநாரைத்தான் சொன்னார். ஈரத்துணியில் சுற்றிவைத்த நார் விரலுக்கு வளைந்துகொடுக்கும், காய்ந்ததும் அந்த வளைவிலேயே விறைத்து நிற்கும், முடிச்சு நழுவாது. கம்பி மாதிரி காய்ந்த காம்பை அறுக்கவும் செய்யாது. சட்டத்தின் நிறத்தோடு ஒன்றிப்போவதால் கட்டு வெளியே தெரிவதுமில்லை.

நாலைந்து காம்பு கொண்ட சின்னக் கொத்துகளாக முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். பின்னால் ஒரு கம்புக் கதிர், நடுவில் கோழிக்கொண்டைத் துண்டு, முன்னால் வாடாமல்லி மூன்று, ஓரத்தில் கொஞ்சம் பூளைப்பூ. உயரமானது பின்னால், குட்டையானது முன்னால். காம்பை நான்கு அங்குலத்துக்கு வெட்டி, நாரால் இரண்டு சுற்று. இப்படி இருபது கொத்து வரை தயார் செய்துகொண்டால் பிறைக்குப் போதும். எல்லாக் கொத்தும் ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை. ஒன்றிரண்டில் நெற்றை நீட்டிவிட்டால் காட்டுத்தனமாக இருக்கும், அதுதான் எனக்குப் பிடிக்கும்.

பிறையின் இரு முனையிலிருந்தும் தொடங்கி நடுவை நோக்கி வர வேண்டும். முதல் கொத்தின் தலை முனையைப் பார்க்க, காம்பு நடுவைப் பார்க்க வைத்து, சட்டத்தோடு சேர்த்து மூன்று சுற்றுச் சுற்றி, நாரை அறுக்காமல் அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டும். அடுத்த கொத்தின் தலை முதல் கொத்தின் காம்பை மூட வேண்டும். மறுபடி மூன்று சுற்று. "சரம் தொடுக்கிறப்போ முந்தின பூவோட காம்ப அடுத்த பூ மறைக்கணும்மா, இங்கேயும் அதேதான்" என்றார் அக்கா. இடது கை கட்டை விரல் கொத்தை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், வலது கை மட்டும் நாரைச் சுற்றும். விரல் எடுத்தால் கொத்து உருண்டு பின்பக்கம் போய்விடும். நார் தீர்ந்தால் புது நாரைப் பழையதோடு முறுக்கிச் சேர்ப்பது அவர் கையில் கண்சிமிட்டும் நேரம், எனக்கு அது வர நிறைய நேரமானது. இரு பக்கமும் நடுவில் சந்திக்கும்போது காம்புகள் குவிந்து ஒரு வெற்றிடம் தெரியும். தாமரைக் காய் இரண்டையும் அங்கே வைத்து மறைத்தேன். அவை கனமானவை என்பதால் அடியில் துளையிட்டுக் கம்பி கோத்து, சட்டத்துக்குப் பின்னால் முறுக்கிவிட்டேன். வளையம் சுழலாமல் தொங்குவதற்கும் கீழே அந்தக் கனம் உதவுகிறது.

இந்த வேலையைக் காலையிலேயே செய்வது நல்லது. மதிய வெக்கையில் காம்பு மொறுமொறுப்பாகித் தொட்டதும் ஒடியும். காலைக் காற்றின் லேசான ஈரத்தில் கொஞ்சம் இணங்கி வரும்.

மாட்டும் இடத்தில் மூன்று விஷயம் பார்த்தேன். நேர் வெயில் படக் கூடாது. சமையலறை ஆவி எட்டக் கூடாது. எல்லாவற்றையும்விட, விளக்கும் ஊதுபத்தியும் கற்பூரமும் ஏற்றுகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கவே கூடாது. காய்ந்த பூவும் கதிரும் நொடியில் பற்றும் பொருட்கள். பூஜை அறைக் கதவில் மாட்ட எத்தனை ஆசை இருந்தாலும் வேண்டாம். கார்த்திகை தீபத்தன்று வரிசையாக அகல் வைப்பவர்கள் வளையத்தைக் கழற்றி உள்ளே வைத்துவிடுவது நல்லது.

பளபளப்புக்காக மேலே தெளிப்பான் அடிக்கச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பூளைப்பூவின் பஞ்சுத்தன்மையும் கொண்டையின் வெல்வெட்டும் அதில் ஒட்டிப்போய்விடும். தூசி தட்ட ஓவியம் வரையும் மெல்லிய பிரஷ் போதும்.

பூச்சிதான் நிஜமான எதிரி. காய்ந்த பூவுக்குள் பழுப்பு நிறச் சின்ன வண்டு முட்டையிட்டுவிடும். மசாலாப் பொடி டப்பாவில் வருமே, அந்த இனம். வளையத்தின் கீழே மாவு மாதிரித் தூள் உதிர்ந்திருந்தால் வண்டு உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். கட்டுவதற்கு முன்பே கம்புக் கதிரையும் கோழிக்கொண்டையையும் பாலித்தீன் பையில் இறுகக் கட்டி ஃப்ரீசரில் சில நாள் வைத்து எடுத்தேன். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது, குளிர் முழுக்க அடங்கிய பிறகுதான் பிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் பூவின் மேல் நீர் கோத்துக்கொள்ளும். அணிலுக்குக் கம்பு என்றால் கொள்ளைப் பிரியம், திறந்த திண்ணையில் மாட்டுபவர்கள் கம்பைத் தவிர்த்து நாணல் பூவை வைக்கலாம்.

சாரல் தொடங்கியதும் வளையத்தைக் கழற்றி, அட்டைப் பெட்டியில் காய்ந்த வேப்பிலை பரப்பி மச்சில் வைத்தேன். செருப்புப் பெட்டியிலும் மருந்து டப்பாவிலும் வரும் சிலிக்கா பொட்டலங்களைச் சேர்த்துவைத்திருந்தது அப்போது உதவியது. பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தால் உள்ளேயே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும், அட்டைதான் சரி. மழைக்காலம் முடிந்து எடுத்தபோது வாடாமல்லி அன்று கட்டிய மாதிரியே இருந்தது, சிவப்புச் சாயல் மட்டும் சற்றுத் தணிந்திருந்தது. கோழிக்கொண்டை மூன்று துண்டு கருத்துப்போயிருந்தன. அந்தக் கொத்துகளின் நாரை மட்டும் கத்திரியால் வெட்டி, பழையதை உருவி, புதுக் கொத்தை அதே இடத்தில் செருகிக் கட்டினேன். சட்டமும் மற்ற கொத்துகளும் அசையவில்லை. தட்டிச் சேர்த்த விதையை இந்த வருஷம் கொல்லையிலேயே விதைத்திருக்கிறேன், கூடவே வாடாமல்லி இரண்டு பாத்தி. அடுத்த மாசிக்குக் காம்போடு அறுக்க யாரிடமும் சொல்லிவைக்க வேண்டியதில்லை.